பத்தாவதுக்குப் பிறகு மெக்கானிக் வேலை: ஐடிஐ, டிப்ளமோ, பி.இ., பட்டறை – எதில் போட்ட காசு திரும்பும்?

வண்டி ரிப்பேர் தொழிலுக்குப் போக நினைக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் நான்கு வழிகள் இருக்கின்றன. இரண்டாண்டு ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு, பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு ஆட்டோமொபைல் டிப்ளமோ, பன்னிரண்டாவதுக்குப் பிறகு நான்காண்டு பி.இ., அல்லது படிப்பே வேண்டாம் என்று நேராகப் பட்டறை. வீட்டில் பேச்சு எடுத்தால் எல்லாரும் ஃபீஸ் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். ஃபீஸ் கணக்கில் ஒரு பகுதிதான். எந்த வயதில் முதல் சம்பளம் வருகிறது, எந்தச் சான்றிதழ் இல்லாமல் எந்த வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வரிசை மாறிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையால் வேலை செய்து பிழைக்கப் போகிறவருக்கு அரசு ஐடிஐயும் அதன்பின் ஓராண்டு அப்ரண்டிஸும் (கம்பெனியில் உதவித்தொகையோடு தொழில் பழகுவது) தான் லாபம். டிப்ளமோ இருந்தால் மட்டுமே நுழைய முடிகிற வேலைகள் சில உண்டு. அந்த வேலைகளில் நாட்டம் இல்லையென்றால் அது வெறும் செலவு. கடன் வாங்கித் தனியார் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டுக் கடைசியில் டெக்னீசியனாகவே நிற்பதுதான் இருப்பதிலேயே நஷ்டமான வழி.

முதலில் வயதுக் கணக்கு. பத்தாவது முடிக்கும்போது பிள்ளைக்கு வயது 15 அல்லது 16. கம்பெனி டீலரின் சர்வீஸ் சென்டரில் 18 நிரம்பாதவரைப் பொதுவாக வேலைக்கு எடுப்பதில்லை. ஆக அந்த இரண்டு ஆண்டுகளில் கைவிட்டுப் போகும் சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. தெருமுனைப் பட்டறையில் எடுபிடியாக நின்றால் கிடைக்கும் வாரக் கைச்செலவுதான் இழப்பு. ஐடிஐ அந்த இடைவெளியில் கச்சிதமாகப் பொருந்திக்கொள்கிறது. டிப்ளமோவின் மூன்றாம் ஆண்டு அப்படியல்ல. 18 வயது ஆகிவிட்டதால் அது சம்பாதிக்க முடிகிற ஆண்டு. பி.இ. என்றால் 18 முதல் 22 வரை நான்கு ஆண்டுகளும் அப்படித்தான்.

எண்களில் பார்ப்போம். தமிழ்நாடு அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து வந்தவராக இருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். இரண்டாண்டில் உதவித்தொகை சுமார் 18,000, இந்தத் திட்டப் பணம் 24,000, ஆக மொத்தம் 42,000 ரூபாய். அடுத்தது அப்ரண்டிஸ் ஆண்டு. 2019-இல் திருத்திய விதி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 என்றது. சேரும் ஆண்டில் நடப்பில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கணக்குக்கு 7,000 போதும். ஓராண்டுக்கு 84,000. ஆக 19 வயதில் இந்தப் பிள்ளையின் கைக்கு 1,26,000 ரூபாய் வந்திருக்கும், தேசிய தொழிற்சான்றிதழும் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழும் சேர்ந்தே இருக்கும்.

அதே 19 வயதில்தான் டிப்ளமோ மாணவர் வெளியே வருகிறார். தனியார் பாலிடெக்னிக்கில் ஃபீஸ், காலேஜ் பஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாண்டுக்கு 1,80,000. மாதம் 1,000 திட்டப் பணத்தை, அதாவது 36,000-த்தைக் கழித்தால் 1,44,000 கைப்பணம் போயிருக்கும். இரண்டு பேருக்கும் இடையில் உள்ள பள்ளம் 2,70,000. டிப்ளமோவுக்கு மாதம் 2,500 கூடுதல் சம்பளம் கிடைத்தால் இதை அடைக்க ஒன்பது ஆண்டு ஆகும், கடனாக இருந்தால் வட்டியும் சேர்ந்துகொள்ளும். அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஆண்டுச் செலவு 20,000-க்குள் முடிந்தால் பள்ளம் ஒன்றரை லட்சமாகக் குறையும், ஐந்து ஆண்டில் சமனாகிவிடும். உங்கள் ஊர்க் கட்டணத்தையும் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர் கொடுக்கும் சம்பளத்தையும் இதில் போட்டுப் பாருங்கள். அந்த 2,500 வித்தியாசமே சில இடங்களில் வராது. அதே 2019 விதி டிப்ளமோ அப்ரண்டிஸுக்கு 8,000, பட்டதாரி அப்ரண்டிஸுக்கு 9,000 என்றுதான் நிர்ணயித்தது. படிக்கு ஆயிரம் ரூபாய்.

ஐடிஐ போனால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். அந்தப் பயம் தேவையில்லை. பத்தாவதுக்குப் பிறகு இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித்தாள்களை மட்டும் தனியாக எழுதித் தேறினால் பன்னிரண்டாவதுக்கு இணையான சான்று கிடைக்கும். டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. அதாவது ஐடிஐ முடித்து, வேலையைப் பார்த்து, தேவைப்பட்டால் பிறகு டிப்ளமோ என்று போகலாம். முதலில் டிப்ளமோ சேர்ந்து, அரியர் விழுந்து, பாதியில் படிப்பை விட்டவருக்குத்தான் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பாலிடெக்னிக்கில் பிள்ளைகள் இடறுவது வண்டிப் பாடங்களில் இல்லை. முதலாண்டுக் கணிதத்திலும் இயற்பியலிலும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பத்தாவதில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவரை டிப்ளமோவுக்கு அனுப்புமுன் இதை யோசிக்க வேண்டும்.

டிப்ளமோ எங்கே கட்டாயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் வேலை. இதற்கு ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ வேண்டும். கூடவே இலகு ரகம், கனரக சரக்கு, கனரகப் பயணிகள் வாகனம் என்று மூன்றையும் பழுதுபார்க்கும் நல்ல ஒர்க் ஷாப்பில் ஓராண்டு முழுநேர அனுபவமும், மோட்டார் சைக்கிள், கனரக வாகன ஓட்டுநர் உரிமமும் கேட்பார்கள். பலர் சறுக்குவது இந்த அனுபவச் சான்றில்தான். கார் மட்டும் பார்க்கும் ஷோரூம் சர்வீஸில் மூன்றாண்டு இருந்தாலும் அது செல்லாது. ஹெவி உரிமமும் நினைத்தவுடன் கைக்கு வந்துவிடாது, இலகு ரக உரிமம் எடுத்து ஓராண்டு கழிந்த பிறகுதான் அதற்குப் போக முடியும். இந்த வேலை குறி என்றால் டிப்ளமோ முடித்த நாளிலிருந்தே லாரி, பஸ், கார் மூன்றும் வரும் இடமாகப் பார்த்துச் சேர வேண்டும். தேர்வு அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதையே நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

இரண்டாவது, இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தான வண்டியைப் பார்த்து நஷ்டம் மதிப்பிடுகிறவர். டிப்ளமோ அல்லது பி.இ., பிறகு ஓராண்டுப் பயிற்சி, தேர்வு, அதன்பின் உரிமம். டிங்கரிங், பெயின்டிங், ஸ்பேர் விலை மூன்றும் தெரிந்தவருக்கு இது நல்ல பிழைப்பு, வயதான பிறகும் செய்யலாம். மூன்றாவது, கட்டாயமில்லை என்றாலும் டிப்ளமோ கைகொடுக்கும் இடம்: டீலரிடம் சர்வீஸ் அட்வைசர், அதிலிருந்து ஒர்க்ஸ் மேனேஜர். ஐடிஐ முடித்தவரும் அட்வைசர் ஆகிறார்கள், ஆனால் டிப்ளமோ இருந்தால் அந்த நாற்காலி மூன்று நான்கு ஆண்டு முன்னதாகவே கிடைக்கிறது. அது பேச்சுச் சாமர்த்தியமும் டார்கெட்டும் உள்ள வேலை. வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பதில் சந்தோஷப்படுகிறவருக்கு ஒத்துவராது.

பி.இ. ஆட்டோமொபைல் பற்றி இரண்டு வரி போதும். குரோம்பேட்டை எம்.ஐ.டி., ஈரோடு அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. வண்டியை வடிவமைக்க, சோதிக்க, தயாரிக்கப் போகிறவர்களுக்கானது அது. ஓரகடத்தில் உள்ள சோதனை மையம், கார் கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவு என்று போகிறவருக்குச் சரி, ரிப்பேர் தொழிலுக்காகப் பி.இ. படிப்பது நான்காண்டும் பணமும் வீண்.

இனி பட்டறை. இதை மட்டமாகப் பேசுவது படித்தவர்களின் பழக்கம், ஆனால் நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி வேலையில் கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் இப்படி வந்தவர்கள்தான். கியர் பாக்ஸ் இறக்குவது, கிளட்ச் மாற்றுவது, ஹப் பேரிங்குக்கு எவ்வளவு இறுக்கம் விடுவது என்பதெல்லாம் எந்த வகுப்பறையிலும் பட்டறை அளவுக்கு வராது. செலவும் இல்லை. குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், மெக்கானிக்கல் பழுதைவிட மின்சாரப் பழுதும் சென்சார் பழுதும்தான் பட்டறையின் நேரத்தைத் தின்கின்றன. அனுபவத்தால் மட்டும் அதைப் பிடிக்க முடிவதில்லை.

ஓர் உதாரணம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்கேனரைச் செருகினால் எந்த யூனிட்டும் பதில் தரவில்லை. உடனே கம்ப்யூட்டர் போய்விட்டது என்று இ.சி.எம். பெட்டியைக் கழற்றி அனுப்புவது வழக்கம், ஆயிரக்கணக்கில் செலவாகும். அதற்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனரைச் செருகும் இடம்) 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளக்க வேண்டும். சுமார் 60 ஓம் காட்டினால் லைன் அறுந்தோ ஒன்றோடொன்று ஒட்டியோ இல்லை. யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை வயருக்குக் கேன் லைன் என்று பெயர்; அதன் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கிறது, இரண்டும் இணையாக நிற்பதால் பாதியாகக் காட்டுகிறது. 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் வயர் அறுந்திருக்கிறது அல்லது ஒரு முனை கழன்றிருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது, எலி கடித்த வண்டிகளில் அடிக்கடி வருவது இதுதான். சில கார்களில் சாக்கெட்டுக்கும் லைனுக்கும் நடுவில் தகவலை வாங்கிக் கடத்தும் கேட்வே யூனிட் இருக்கும், அங்கே இந்த அளவு பொருந்தாது. வயரிங் படத்தைப் பார்த்து கேட்வேக்கு அந்தப் பக்கம் அளக்க வேண்டும். இணையாக வைத்தால் ஏன் பாதியாகிறது என்பது ஐடிஐ முதலாண்டுப் பாடம். பட்டறையில் அதைச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது.

இன்னொன்று, காமன் ரயில் டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் மாற்றுவது. பல மாடல்களில் இன்ஜெக்டரின் தலையில் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். அதை ஸ்கேனர் வழியாக இ.சி.எம்.மில் ஏற்றாமல் விட்டால் ஐடிலிங் நடுங்கும், புகை வரும், தட்டும் சத்தம் கேட்கும். புது இன்ஜெக்டரே பழுது என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும். சிலிண்டர் ஹெட் போல்ட்டும் இப்படித்தான். பல எஞ்சின்களில் குறிப்பிட்ட டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) வரை இறுக்கிவிட்டு, அதற்கு மேல் டிகிரி கணக்கில் திருப்ப வேண்டும். அந்த போல்ட் ஒருமுறை நீண்டுவிட்டால் மறுபடி போடக் கூடாது. கைப்பழக்கத்தில் இறுக்கிப் பழைய போல்ட்டையே போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஹெட் கேஸ்கட் கசிந்து கூலன்ட் குறைய ஆரம்பிக்கும். சர்வீஸ் மேனுவலைப் படிக்கத் தெரிவதும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துவதும்தான் படிப்பு தரும் உருப்படியான லாபம்.

ஆனால் எல்லா ஐடிஐயும் இதைத் தருவதில்லை. சேருமுன் ஒர்க் ஷாப்பை நேரில் போய்ப் பாருங்கள். ஸ்டாண்டில் பெயின்ட் அடித்து நிற்கும் வெட்டு எஞ்சினைக் காட்டினால் திருப்திப்படாதீர்கள். சாவி போட்டால் ஓடுகிற பி.எஸ். 6 எஞ்சினோ காரோ இருக்கிறதா, ஸ்கேனர் பெட்டியைப் பிரித்திருக்கிறார்களா, டூ போஸ்ட் லிஃப்ட் வேலை செய்கிறதா, ஒரு யூனிட்டில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும்போது மல்டிமீட்டர் எத்தனை இருக்கிறது என்று கேளுங்கள். நான்கு மீட்டர்கூட இல்லாத இடத்தில் மின்சாரப் பாடம் கரும்பலகையோடு நின்றுவிடும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து நவீன மையங்களாக மாற்றியிருக்கிறார்கள், பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் முதல் விண்ணப்பம் அங்கே போகட்டும். தனியார் ஐடிஐ என்றால் நிறுவனத்தின் பெயருக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் பிரிவுக்கு மத்திய அரசின் (என்.சி.வி.டி. என்று சொல்கிற) இணைப்பு இருக்கிறதா என்று இணையத்தில் சரிபாருங்கள். வெளிநாட்டு வேலைக்கும் மத்திய அரசு வேலைக்கும் பெரும்பாலும் அந்தச் சான்றைத்தான் கேட்பார்கள். வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுத விடமாட்டார்கள் என்பதால், தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஐடிஐயைவிடப் பக்கத்து ஐடிஐ மேல்.

அப்ரண்டிஸில் ஒரு கண்ணி இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டது, அதனால் கார் தொழிற்சாலைகளிலிருந்து அழைப்பு சுலபமாக வரும். கேன்டீன், பஸ், கொஞ்சம் கூடுதல் தொகை எல்லாம் இருக்கும். ஆனால் அசெம்பிளி லைனில் ஓராண்டு முழுக்க ஒரே ஸ்டேஷனில் ஒரே நான்கு போல்ட்டை இறுக்கிவிட்டு வருகிறவருக்கு ரிப்பேர் தெரியாது. ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கம்பெனியில் மறுபடி டிரெய்னியாக நிற்க வேண்டியதுதான். மாதம் இரண்டாயிரம் குறைந்தாலும் டீலர் சர்வீஸ் சென்டரையோ போக்குவரத்துக் கழகப் பணிமனையையோ தேர்ந்தெடுப்பது நல்லது. சர்வீஸ் சென்டரிலும் முதல் மூன்று மாதம் வாட்டர் வாஷ், ஆயில் மாற்றுவது என்றுதான் ஓடும். ஆறு மாதம் கழித்தும் அதே இடத்தில் இருந்தால் சூப்பர்வைசரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

எலெக்ட்ரிக் வண்டிக்குத் தனிப் படிப்பு வேண்டுமா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். மூன்று மாத இ.வி. கோர்ஸுக்கு 40,000, 50,000 கேட்கும் இடங்கள் பெருகிவிட்டன. ஐடிஐ அல்லது டிப்ளமோ அடிப்படை இல்லாமல் அதை மட்டும் படித்தவருக்குக் காரில் கைவைக்க வாய்ப்பு குறைவு. உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடுமுன் 1,000 வோல்ட் தாங்கும் கையுறை போட்டு, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்து, கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, வோல்டேஜ் பூஜ்யமா என்று அளந்து பார்க்கும் ஒழுங்கை அந்தந்தக் கம்பெனியே தன் ஆட்களுக்குக் கற்றுத்தருகிறது. டீலரிடம் வேலையில் இருந்தால் அது இலவசம்.

சொந்தப் பட்டறை கனவு இருந்தால் சான்றிதழுக்கு இன்னொரு பயன் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம், 5 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மானியம் பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம். புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் 10 லட்சத்துக்கு மேற்பட்ட முதலீட்டுக்கானது, 25 சதவீத மானியம் உண்டு. அங்கே ஐடிஐ, டிப்ளமோ, பட்டம் எல்லாம் ஒரே தகுதியாகத்தான் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. லிஃப்ட், கம்ப்ரசர், அலைன்மென்ட் மெஷின் என்று பட்டியல் போட்டுப் போகிறவரிடம் வங்கி மேலாளர் முதலில் கேட்பது அனுபவத்தைத்தான். குறைந்தது ஐந்து ஆண்டு வேலை பார்க்காமல் இதில் இறங்குவது வம்பு.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கனரக வாகனமோ ஜேசிபி போன்ற இயந்திரமோ தெரிந்துகொண்டு போனால் சம்பளம் கூடும். அங்கே ஐடிஐக்கும் டிப்ளமோவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, டிரேட் டெஸ்டில் கை எப்படி ஓடுகிறது என்பதே பேச்சு. பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சம் கேட்பவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுப்பதற்கு முன், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்து வைக்கலாம்.

ஏற்கெனவே பட்டறையில் பல ஆண்டு ஓட்டிவிட்டு, இப்போது சான்றிதழ் இல்லாமல் தவிப்பவர் மறுபடி இரண்டாண்டு ஐடிஐயில் உட்கார வேண்டியதில்லை. 21 வயதும் தொழிலில் மூன்றாண்டு அனுபவமும் இருந்தால் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதும் வழி இருக்கிறது. அறிவிப்பை மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டு வைக்க வேண்டும். செய்முறையில் இவர்கள் சுலபமாகத் தேறிவிடுவார்கள், தடுக்குவது தியரித் தாளும் பொறியியல் வரைபடமும். ஐடிஐ பாடப்புத்தகத்தை மத்திய அரசின் நிமி நிறுவனம் வெளியிடுகிறது, தமிழிலும் உண்டு. ஆறு மாதம் முன்பே அதை வாங்கி, வேலை முடிந்து தினம் ஒரு மணி நேரம் படித்தால் எழுதிவிடலாம்.